தாந்தே கண்ட கோபுரம்

இத்தாலியின் சாய்ந்த கோபுரம் என்றதும் பைசாவே பலருக்கும் நினைவில் எழும். இலக்கியம் பயில்வோர் முதலில் எண்ணவேண்டியது பொலோஞா நகரத்தை என்பேன். அங்கே அசினெல்லி, கரிசெந்தா என இரு செங்கற் கோபுரங்கள் அருகருகே நிற்கின்றன. கோபுரம் என்றதும் கோயிலை எண்ணவேண்டாம். 12ஆம் நூற்றாண்டிலே செல்வக் குடியினர் தம் வலிமையைப் பகைவருக்குக் காட்ட எழுப்பியவை இவை. அத்தகையவை அந்நகரில் அன்று பல இருந்தன. எஞ்சியவை ஏறத்தாழ இருபதே.

அசினெல்லியின் உயரம் 97 மீற்றர். உள்ளே 498 படிகள். பட்டம் பெறுமுன் அதில் ஏறும் மாணவனுக்குப் பட்டமே கிட்டாது என்பது அங்குள்ள பல்கலைக்கழக மாணவரின் நம்பிக்கை. (ஏறாதிருந்தும் பெறாதோர் கதையை விட்டுவிடுவோம்.)

நமக்கு வேண்டியது குட்டையான கரிசெந்தா. அடிநிலம் இறங்கியதால் அது தொடக்கத்திலேயே சாய்ந்துவிட்டது. 1287இல் அந்நகரத்து நொத்தாரிஸ் ஒருவர், பதிவேட்டின் வெற்றிடத்தில் எவரும் பின்னர் எதையும் செருகாதிருக்கும்பொருட்டு ஒரு சிறு கவிதையை எழுதிவைத்தார். கரிசெந்தாவையே பார்த்துநின்று, அதனினும் சிறந்த ஒன்றைக் காணத் தவறிய தன் கண்களைக் கவிஞன் நொந்துகொள்ளும் கவிதை அது. தவறவிட்டது ஒரு மங்கையையா, பக்கத்துக் கோபுரத்தையா என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடுண்டு. பாடியவன் இருபதைத் தாண்டிய இளைஞன் தாந்தே.

அக்கண்கள் செய்த பிழை வீண்போகவில்லை. பிற்காலத்தில் நரகத்தைப் பாடியபோது, அந்தேயஸ் என்னும் அரக்கன் தன்னையும் வழிகாட்டி வேர்ஜிலையும் தூக்கக் குனியும் காட்சிக்கு அவன் கரிசெந்தாவையே உவமையாக்கினான். சாய்ந்த பக்கத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கையில், சாய்வுக்கு எதிர்த்திசையிலே முகிலொன்று கடந்தால், முகில் நிற்பதுபோலவும் கோபுரம் நம்மேல் சரிவதுபோலவும் தோன்றும். கண் ஏமாறும் அக்கணத்தின் அச்சமே உவமையின் உயிர். அரக்கனின் பருமனைச் சொல்ல எந்தக் கோபுரமும் போதும். அவன் குனிவதைச் சொல்ல இதுவே வேண்டும்.

தாந்தே 1321இல் மறைந்தான். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், விழுந்துவிடுமோ என்றஞ்சி, ஏறத்தாழ 60 மீற்றர் உயர்ந்திருந்த கரிசெந்தாவை 48 மீற்றராகக் குறைத்தனர். அவன் அடிகளைப் பொறித்த கல்லொன்று அதன் சுவரில் உண்டு. 2023 ஒக்டோபரில், சாய்வும் அடிக்கற்களின் சிதைவும் கவலை தரவே, இரு கோபுரங்களையும் மூடி, கரிசெந்தாவைச் சுற்றித் தடுப்பிட்டனர். பைசாவைக் காத்த கருவிகளையே இங்கும் பயன்படுத்த 2024இல் திட்டமிட்டனர். தாந்தே நின்று முகிலைப் பார்த்த அந்த அடிநிலத்தில் பயணிகள் நிற்பதற்கு இடமில்லாமற் போயிற்று.