தணி, நூர், ஊரடங்கு

நெருப்பை முற்றாக ஒழிப்பது ஒன்று. அதனை அடங்கியிருக்கச் செய்வது வேறொன்று. யாழ்ப்பாணத்துத் தமிழ் இவ்விரண்டையும் பிரித்தறிந்தே பேசி வந்துள்ளது. விளக்கை ‘நூர்’ என்றால் சுடர் இல்லாமற் போகும். தமிழகத்தார் இதனை ‘அணை’ என்பர். அடுப்பைத் ‘தணி’ என்றாலோ விறகைப் பின்னிழுத்துச் சுவாலையைக் குறைப்பதாகும். தணல் உயிரோடிருக்கும்.

இச்சொல் அடுப்படியோடு நின்றுவிடவில்லை. காய்ச்சலும் வெயிலும் கோபமும் தணிகின்றன. முருகன் சினம் தணிந்த தலமாதலாற் திருத்தணி எனப் பெயர் வந்தது என்பது புராண மரபு. (செய்தித் ‘தணிக்கை’யை இதனோடு சேர்த்தலாகாது, அது உருது வழியாக வந்த வேற்றுச்சொல்.) 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதானபோது, ஜாம்போத்தல் விளக்கின் திரியைத் தணித்துத் தணித்தே எம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர்.

எம்மவர் நன்கறிந்த இன்னொரு சொல்லும் இக்குடும்பத்ததே. ‘கேர்பியூ’ எனும் ஆங்கிலச் சொல், ‘தீயை மூடு’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்தது. மத்திய கால ஐரோப்பிய நகரங்களில் வீடுகள் மரத்தாலானவை, கூரைகள் வைக்கோலாலானவை. எனவே இரவில் மணி ஒலித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பரால் மூடவேண்டும். நூர்க்கவேண்டியதில்லை, விடியலில் ஊதி மூட்டுவதற்கு அது வேண்டுமல்லவா? நாம் ‘நீறு பூத்த நெருப்பு’ என்பது இதனையே. 1066 இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனே அங்கு இதனைக் கட்டாயமாக்கினான் என்பது வழிவழி வந்த கூற்று. காலப்போக்கிற் சொல்லிலிருந்து நெருப்பு நீங்கியது. வீட்டுக்குள் முடங்கவேண்டிய மனிதர் மாத்திரம் எஞ்சினர்.

தமிழில் இதற்கு ‘ஊரடங்கு’ என்றோம். ஊர் அடங்குவதென்பது எம் பேச்சில், சந்தடி ஓய்ந்து சனம் உறங்கும் இயல்பான வேளை. அத்தகைய சாந்தமான சொல்லின் மேற் சட்டத்தை ஏற்றியமை எனக்கு என்றும் உவப்பாக இருந்ததில்லை. 1983 ஜூலை 25 ஆம் நாள் பிற்பகல் கொழும்பில் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தமிழரின் வீடுகளும் கடைகளும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. தீயை மூடப் பிறந்த சொல், தீயின் நடுவே அறிவிக்கப்பட்டது.

ரொறன்ரோவில் அடுப்புக்கு விறகுமில்லை, சாம்பருமில்லை. பிள்ளைகள் “லோவில விடுங்கோ அம்மா” என்கிறார்கள். தாய்மார் சிலர் இன்னமும் “கறி அடிப்பிடிக்கப் போகுது, தணி பிள்ளை” என்றே சொல்கிறார்கள்; பிள்ளையும் விளங்கிக்கொண்டு குமிழைத் திருகுகிறது.