பழைய டிவிக்கு டிஜிட்டல் பெட்டி (சைதாப்பேட்டை)

கேபிளிலோ டிஷ்ஷிலோ ஆன்டெனாவிலோ வரும் டிஜிட்டல் அலைவரிசையைப் பழைய குழாய் டிவிக்குப் புரியும் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தரும் கருவி செட் டாப் பாக்ஸ். சென்னைப் பேச்சில் அது வெறும் ‘பாக்ஸ்’. சைதாப்பேட்டையில் பஜார் ரோட்டை ஒட்டிய சந்துகளிலும் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளிலும் பின்பக்கம் புடைத்த 14 அங்குல, 21 அங்குல டிவிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பாக்ஸ்தான் காரணம். பாக்ஸ் சரியாக அமைந்தால் 1990களில் வாங்கிய டிவியும் இன்றைய ஒளிபரப்பைக் காட்டும். ஆனாலும் இணைக்கத் தெரியாததால் மட்டும் நல்ல டிவிகள் எத்தனையோ காயலான் கடைக்குப் போயின.

சென்னைக்குப் பெட்டி வந்த விதம்

அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஆன்டெனா ஒளிபரப்பு நின்றது. மாற்றிப் பெட்டி வாங்குவதற்காக வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் கூப்பன்களை அரசே கொடுத்தது. சென்னையின் கதை வேறு. இங்கே 1975 ஆகஸ்ட் 15-ல் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியபோது மொட்டை மாடி ஆன்டெனாதான் ஒரே வழி. 1980களில் உயரமான குழாயும் பூஸ்டரும் வைத்து இலங்கை ரூபவாஹினியைப் பிடித்த வீடுகளும் உண்டு. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே தயாரான பிராண்டுகள் அன்று வரவேற்பறையில் மரப்பெட்டிக்குள் இருந்தன. 1990களில் கேபிள் வந்ததும் ஆன்டெனாக்கள் காக்கை உட்காரும் கம்பிகளாயின. ஆகவே இங்கே பெட்டியைக் கட்டாயமாக்கியது ஆன்டெனா அல்ல, கேபிள்.

முதல் முயற்சி 2003 செப்டம்பர் 1. கட்டணச் சேனல்களைப் பார்க்கப் பெட்டி வேண்டும் என்ற சி.ஏ.எஸ். முறையை நான்கு பெருநகரங்களிலும் கொண்டுவர மத்திய அரசு எண்ணியது; அன்று நடைமுறைக்கு வந்தது சென்னையில் மட்டுமே. சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெட்டி வாங்கியவர்கள் குறைவு. இலவசத் தமிழ்ச் சேனல்கள் பெட்டி இல்லாமலே தெரிந்ததால், ஆங்கிலப் படமும் கிரிக்கெட்டும் போனாலும் பரவாயில்லை என்று பெரும்பாலான வீடுகள் இருந்துவிட்டன. 2011-ல் திருத்தப்பட்ட கேபிள் சட்டம் கேபிள் முழுவதையும் டிஜிட்டலாக்கச் சொல்லி, நான்கு பெருநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. வழக்குகளாலும் உரிமச் சிக்கலாலும் சென்னையில் அனலாக் அதற்குப் பிறகும் ஓடியது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் தந்து மறுபிறவி எடுத்த தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அந்த ஆண்டிலேயே அது இலவசமாகப் பெட்டி வழங்கத் தொடங்கியது.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. 2006-ல் தொடங்கிய அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. அதுவே பல குடும்பங்களின் முதல் வண்ண டிவி. டிஜிட்டல் மாற்றம் வந்தபோது பெட்டி போய்ச் சேர வேண்டியிருந்தது அந்தச் சின்னத் திரைகளுக்குத்தான். டிவியை இலவசமாகப் பெற்ற வீட்டுக்குப் பாக்ஸின் விலை பெருஞ்சுமை என்பதை இந்த வரலாறு முழுவதிலும் காணலாம்.

வாங்குமுன் டிவியின் முதுகைப் பார்க்க வேண்டும்

கடைக்குப் போகுமுன் டிவியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்ப்பது முதல் வேலை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் (‘ஏவி’) இருந்தால் வேலை எளிது: மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. பல 14 அங்குல டிவிகளில் மஞ்சளும் வெள்ளையும் மட்டுமே இருக்கும். அப்போது சிவப்புப் பின்னைச் சும்மா விட்டுவிட்டு, பாக்ஸின் மெனுவில் ஒலியை ‘மோனோ’ ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் குரல் கேட்கும், வாத்தியத்தில் பாதி காணாமல் போகும்.

ஆன்டெனாத் துளை மட்டுமே உள்ள கறுப்பு வெள்ளை டிவிகளுக்கு ஆர்.எஃப். மாடுலேட்டர் தேவை. பாக்ஸ் தரும் படத்தை ஒரு பழைய சேனலாக மாற்றி ஆன்டெனா வழியே உள்ளே அனுப்புவது அது. முன்பு பாக்ஸுக்குள்ளேயே இருந்தது. இப்போது பெரும்பாலான பாக்ஸ்களில் இல்லை என்பதால் தனியாக வாங்க வேண்டும். இந்தியாவின் பழைய ஒளிபரப்பு முறையான ‘பால்’ முறையில் அது வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்வது முக்கியம்.

எச்.டி. பாக்ஸ்கள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருக்கும். அதற்கு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்ன டப்பா உண்டு. ஏவியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் டப்பாவும் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். அதை வாங்கினால் படம் வரவே வராது. இந்த உதிரிகள் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். சைதாப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். டிவியின் முதுகைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் கடைக்காரரிடம் விளக்க வேண்டிய பேச்சு மிச்சம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆசையாக வாங்கிவரும் மாற்றிப் பெட்டியால் இங்கே பயனில்லை. அமெரிக்கப் பெட்டி அந்நாட்டின் ஆன்டெனா ஒளிபரப்பு முறைக்கானது. சென்னையில் தூர்தர்ஷன் 2016-ல் தொடங்கிய டிஜிட்டல் ஆன்டெனா ஒளிபரப்பு டி.வி.பி.-டி2 என்ற வேறு முறை. கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் தனித்தனிப் பெட்டிகள். ஒரு நிறுவனத்தின் கேபிள் பாக்ஸை இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் மாட்டவும் முடியாது, ஏனென்றால் சேனலைத் திறக்கும் பூட்டும் சாவியும் அந்தந்த நிறுவனத்துடையவை. எந்தப் பாக்ஸும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. 2022 நவம்பரில் அரசு கேபிளுக்கும் மென்பொருள் தந்த நிறுவனத்துக்கும் ஏற்பட்ட தகராறில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பெட்டிகள் ஒரே நேரத்தில் முடங்கியபோது அந்தப் பரிந்துரையின் அவசியம் தெரிந்தது. பெட்டி நம் வீட்டில் இருந்தாலும் அதன் சாவி வேறெங்கோ இருக்கிறது.

மாதச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு 2004 டிசம்பரில் தொடங்கிய டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறைச் செலவு. ஆனால் அதில் தமிழ் குறைவு. பொதிகை என்ற பெயரை 2024 ஜனவரியில் மாற்றிக்கொண்ட டிடி தமிழ் அதில் தெரியும். சீரியல் பார்க்கும் வீட்டுக்கு அது போதாது. கேபிளில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அப்போது 100 சேனல்கள் வரைக்குமான உச்சக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசாக இருந்தது. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல். தேவையில்லாத சேனலை நீக்கச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேபிள்காரரிடம் அதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

பொருத்துதல்

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேபிள் ஒயரைப் பாக்ஸில் திருகி, ஏவி ஒயரைப் பாக்ஸிலிருந்து டிவிக்குக் கொண்டுபோய், அதன்பின் ஸ்விட்ச் போடலாம். டிவியில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுவார்கள். டிவி இன்னும் பழைய கேபிள் சேனலிலேயே நிற்கிறது, அவ்வளவுதான். டிவி ரிமோட்டில் ‘டிவி/ஏவி’ பட்டனை அழுத்த வேண்டும். டிவி ரிமோட் தொலைந்துபோன வீடுகள் அதிகம்; பல பழைய டிவிகளில் முகப்பில் உள்ள சேனல் பட்டனை 1-லிருந்து கீழே இறக்கினால் 0 அல்லது ஏவி வரும். இந்த ஒரு பட்டன் தெரியாமல் நாள்கணக்கில் டிவி பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் உண்டு. பொருத்த வருபவர் அதை இரண்டு முறையாவது காட்டிவிட்டுப் போக வேண்டும்.

சிறிய பாக்ஸ்களில் மூன்று வண்ணத் துளைகளுக்குப் பதில் இயர்போன் துளை மாதிரி ஒன்றே இருக்கும். அதோடு வரும் ஒயரை மாற்றி வேறு ஒயர் போட்டால் படம் வராமல் ‘கொர்’ரென்று இரைச்சல் மட்டும் வரலாம். அப்போது மஞ்சள் துளையில் சிவப்புப் பின்னையோ வெள்ளைப் பின்னையோ செருகிப் பார்க்க வேண்டும். பாக்ஸ் மெனுவில் திரை அளவை 4:3 என்று வைக்காவிட்டால் முகங்கள் நீண்டு மெலிந்து தெரியும்.

டிஷ் என்றால் திசை முக்கியம். டிடி ஃப்ரீ டிஷ், சன் டைரக்ட் இரண்டும் கிழக்கே 93.5 பாகையில் நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. சைதாப்பேட்டையிலிருந்து பார்த்தால் அந்த இடம் ஏறக்குறையத் தென்கிழக்கு, அடிவானத்திலிருந்து சுமார் 68 பாகை உயரம். அதாவது அலை ஏறத்தாழத் தலைக்கு மேலிருந்தே இறங்குகிறது. நெருக்கமான தெருக்களுக்கு இது பெரிய வசதி: டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த பக்கத்துக் கட்டடம்கூட 4 மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளியிருந்தால் மறைக்காது. தென்னை ஓலை மறைத்தால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும். கனமழையில் சிறிது நேரம் படம் நிற்பது இயல்பு. அதற்காக டிஷ்ஷைத் திருகக் கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறியபோது ஆற்றோர வீடுகளில் டிவியும் பாக்ஸும் சேர்ந்தே மூழ்கின. நனைந்த குழாய் டிவியைக் காயவைத்து வீட்டிலேயே ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது தங்கியிருக்கக்கூடும். பின்மூடியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. செத்துப்போன குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதை ஆற்றங்கரையில் உடைத்துப் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் முழுதாகவே கொடுக்க வேண்டும்.