கறிவேப்பிலையில் சில்லா பூச்சி: எலுமிச்சைக்கு நோய் வராமல் தடுப்பது எப்படி?

மதுரை சுற்றுவட்டாரத்தில் கிணற்று மேட்டிலும் கொல்லையிலும் கறிவேப்பிலை இல்லாத தோட்டம் குறைவு. அதன் பக்கத்திலேயே நாலைந்து எலுமிச்சையும் நிற்கும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் பூச்சியும் பொதுவாக இருக்கிறது. கறிவேப்பிலைத் துளிரில் பெருகும் சில்லா என்ற சாறு உறிஞ்சும் பூச்சிதான் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்புகிறது.

பூச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில்லா 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பழுப்பு நிறம். தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். தொட்டால் துள்ளிப் பறக்கும். விரியாத துளிர் மடிப்பில் மஞ்சள் நிற முட்டைகளை இடும். குஞ்சுகள் தட்டையாக இருக்கும், வெள்ளை மெழுகு இழைகளை வெளியே தள்ளும். தாக்கிய துளிர் சுருண்டு கருகும். பிசுபிசுப்பான கழிவின் மேல் கரும்பூஞ்சணம் படரும். அந்த இனிப்பைத் தேடி எறும்பும் ஏறும்.

நோய் பரவும் விதம்

கிரீனிங் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. இலையில் தயாரான உணவைக் கொண்டுசெல்லும் குழாய்களில் அது வாழ்கிறது. கறிவேப்பிலையில் இந்தக் கிருமி நிலைத்துப் பெருகுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அங்கே பெருகிய சில்லா பறந்து போய் நோயுள்ள ஓர் எலுமிச்சையில் சாறு குடித்தால் கிருமியை ஏற்றுக்கொள்ளும். ஏறிய கிருமி அந்தப் பூச்சியின் ஆயுள் முழுக்க உடலில் இருக்கும். அடுத்தடுத்த மரங்களுக்கும் அது பரவும்.

வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998-ல் சில்லா பூச்சியும் 2005-ல் நோயும் கண்டறியப்பட்டன. அங்கே ஆரஞ்சு விளைச்சல் இப்போது முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

சத்துக் குறையா, நோயா?

துத்தநாகக் குறையிலும் இலை மஞ்சளாகும். ஒரு முற்றிய இலையைப் பறித்து நடுநரம்பின் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

• இரு பக்கமும் ஒரே மாதிரி, நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சள்: பெரும்பாலும் சத்துக் குறை.
• ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத் திட்டாக மஞ்சள்: கிரீனிங் நோயாக இருக்கலாம்.
• ஒரு கிளை மட்டும் முதலில் மஞ்சளாவது, காய் கோணலாகிச் சிறுப்பது, விதை சுருங்குவது, பழத்தின் அடிப்பகுதி பச்சையாகவே நிற்பது ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும்.

மரத்தை வெட்டும் முன், கிளையோடு இலைகளை ஒத்தக்கடையில் உள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரியின் தாவர நோயியல் துறையில் காட்டி உறுதி செய்யுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. கறிவேப்பிலை அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள். அறுத்த பின் வரும் துளிரைத்தான் சில்லா தேடி வரும். துளிர்விட்ட நாளிலிருந்து வாரம் இருமுறை பாருங்கள். முட்டையும் குஞ்சும் உள்ள நுனிகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அங்கேயே போட்டுவிடக் கூடாது.

2. கோடை மழைக்குப் பின்னும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் துளிர் அதிகம் வரும். அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

3. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளிக்கலாம். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் வடிகட்டி 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். அன்றே மாலையில் துளிர் நனையத் தெளியுங்கள்.

4. எறும்பு ஏறாமல் தடுங்கள். எறும்பு இருந்தால் சில்லாவைத் தின்னும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, குஞ்சின் அடியில் முட்டையிடும் டமரிக்சியா குளவி ஆகியவை நெருங்க முடியாது.

5. நாற்று வாங்கும்போது கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் ஒன்றாக அடுக்கிய இடத்தில் துளிரைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டு, நோயையும் கூடவே கொண்டுவரும்.

6. புதிதாக நடும்போது இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நோய் உறுதியான எலுமிச்சையில் முதலில் பூச்சியைக் கட்டுப்படுத்திவிட்டு, பிறகு வேரோடு அகற்றுங்கள்.

மருந்து அடிக்கும் முன்

பூச்சியைப் பார்த்ததும் கடையில் கேட்ட மருந்தைக் கறிவேப்பிலையில் அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஆனால் இது இலையாகவே சமையலுக்குப் போகும் பயிர். எச்சம் தங்கினால் நம் வீட்டுக் குழம்பில்தான் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனையில் வைத்திருக்கிறது. கறிவேப்பிலையில் கிள்ளுவதும் வேம்பும் முதல் வழியாக இருக்கட்டும். எலுமிச்சைக்கு ரசாயன மருந்து தேவைப்பட்டால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, அளவையும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் எழுதி வாங்குங்கள். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551-லும் தமிழில் விசாரிக்கலாம்.

நாளைக் காலை கறிவேப்பிலை பறிக்கப் போகும்போது பத்துத் துளிரை விரித்துப் பாருங்கள். வெள்ளை இழை தெரிந்தால் அன்றே கிள்ளிவிடுங்கள். எலுமிச்சையைக் காப்பாற்றும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.