கொழுவை மாற்றினால் போதும், ஏரை மாற்ற வேண்டாம்



குறுவை அறுத்து நாலு காசு கையில் புழங்கும் நேரத்தில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு வழக்கு கிளம்பும். "பழைய சிஸ்டத்தில் கேம் ஓடமாட்டேங்குது, புதுசு வாங்கித் தாங்க" என்பான் பையன். "இருக்கிறதை வச்சுப் படிடா" என்பார் அப்பா. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருக்கும் கணினியிலேயே தேவையான பாகத்தை மட்டும் மாற்றுவது. அந்த வழி எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம் ஊர் ஏரை நினைத்துப் பாருங்கள். கொழு தேய்ந்தால் கொல்லன் பட்டறையில் வேறு கொழு. நுகத்தடி முறிந்தால் ஆசாரியிடம் வேறு நுகத்தடி. ஒன்றுக்காக முழு ஏரையும் யாரும் தூக்கி எறிந்ததில்லை. மேசைக் கணினியும் அப்படித்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை.

1981. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 'பெர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. சந்தையைச் சீக்கிரம் பிடிக்க வேண்டிய அவசரம். அதனால் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு எல்லாவற்றையும் தானே செய்யாமல் வெளியில் வாங்கியது. பிராசஸர் இன்டெல்லுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. உள்ளே கார்டு செருக ஐந்து ஸ்லாட்டுகள். சுற்று வரைபடங்களையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். மற்றவர்கள் கார்டு செய்யட்டும் என்பது எண்ணம். மற்றவர்கள் கணினியையே செய்துவிட்டார்கள்! பயாஸ் என்ற சிறு நிரலுக்கு மட்டும் ஐ.பி.எம்.மின் பதிப்புரிமை இருந்தது. காம்பாக் நிறுவனம் அதைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் நிரலைத் தானே எழுதி, 1983இல் தன் கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தது.

1987இல் ஐ.பி.எம். கதவைச் சாத்தப் பார்த்தது. பி.எஸ்./2 என்ற புதிய வரிசையில் ஸ்லாட்டையே மாற்றியது. பழைய கார்டுகள் பொருந்தாது. மற்ற நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். மறு ஆண்டே காம்பாக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய கார்டுகளும் பொருந்தும் ஒரு பொது அமைப்பை அறிவித்தன. கடைசியில் வேலி போட்டவரே வேலிக்கு வெளியே நின்றார்.

1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டின் நீள அகலம், திருகு ஓட்டைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் எல்லாம் அதில் அடக்கம். 2003இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்தது. புதிய கார்டைப் பழைய ஸ்லாட்டில் செருகினாலும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யும்.

இந்தியா 1997இல் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக வர்த்தக உடன்பாட்டில் சேர்ந்தது. 2005க்குள் கணினிப் பாகங்களின் சுங்கவரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அதன் கடமை. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, நம் ஊர்க் கடையில் பூட்டிக் கொடுக்கும் 'அசெம்பிள்டு' கணினிகள் பெருகிய காலம் அது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். அலுவலகங்கள் கழித்துவிட்ட, 2012 வாக்கில் வந்த மூன்றாம் தலைமுறை ஐ-5 கணினி, 4 ஜி.பி. ரேம், ஹார்டு டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் குறைந்த வாட்டும், கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின்வயர் இல்லாத அமைப்பும்தான். ஆனால் அந்த ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. கார்டுக்கு 60 வாட், 2016இல் வந்த 1050 டி.ஐ.க்கு 75 வாட் போதும். காசு குறைந்தவர்கள் இவற்றைத் தேடிப் பிடித்த காரணம் இதுதான். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும். அடுத்தது ரேம்: இரண்டு 4 ஜி.பி.யாகப் போட்டால் இரட்டைப் பாதையில் ஓடும். எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும். ஆனால் காட்சி ஓட்டம் கூடாது. இதைக் கடைக்காரர் சொல்லாமல் விடலாம்.

கார்டைப் பழையதாக வாங்கினால் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்கான 'மைனிங்' நின்றபோது, இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. எஸ்.எம்.பி.எஸ். மாற்ற நேர்ந்தால் அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நம் பக்கத்து வோல்டேஜ் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும். சில பிராண்டு கணினிகளில் மின் இணைப்பே வேறு வடிவம். அதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 2021இல் வந்த விண்டோஸ் 11, 2012 பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. லினக்ஸ் போட்டால், 2018இல் வந்த புரோட்டான் என்ற மென்பொருளின் துணையோடு பல விண்டோஸ் கேம்கள் ஓடும். மோசடித் தடுப்பு உள்ள சில ஆன்லைன் கேம்கள் ஓடாது. அதையும் பையனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

2011இல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. அது பெரிய காரியம். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராபிக்ஸை மாற்ற முடியாது. இப்போது பலவற்றில் ரேமையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். 1987இல் சாத்த முடியாத கதவு இப்படிச் சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. கழற்றி மாட்டத் தெரிந்தவர்களும், அப்படிப்பட்ட பொருளைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கும் வரைதான் அது திறந்திருக்கும்.

விளையாட்டுக்காகத்தான் என்றாலும், தன் கணினியைத் தானே திறந்து பார்க்கும் பிள்ளை வாட் என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன என்பதைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொள்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பையனையோ பெண்ணையோ பக்கத்தில் உட்காரவைத்து, கேபினட்டைத் திறந்து பாருங்கள். எதை மாற்றலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.