அரக்குத் தட்டின் பிறப்பும் விலையும்: அம்பர்நாத் பரண்களை முன்வைத்து

மும்பையை அடுத்த அம்பர்நாத்தின் தீப்பெட்டி ஆலைக்கும் படைக்கலத் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தாராவி, மாட்டுங்கா வாடகை கட்டுப்படியாகாமல் பின்னர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இவர்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் இசைத்தட்டுகள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விடுகின்றன. அல்லது 'ரொம்பப் பழசு' என்ற ஒரே காரணத்துக்காகப் பெருந்தொகை எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டுமே தவறு. எங்கே, எந்தக் காலத்தில், எவ்வளவு அச்சாகி, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கொண்டே ஒரு தட்டை மதிப்பிட வேண்டும். அதற்கான சான்றுகளில் பெரும்பகுதி தட்டிலேயே இருக்கிறது.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் பாடகி கௌஹர் ஜானைப் பதிவுசெய்தபோது இந்தியாவில் தட்டு அச்சிடும் ஆலை இல்லை. பதிவான மெழுகு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், தட்டாகித் திரும்பியது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ இந்தியக் காடுகளில் விளைவது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி ஆலை தொடங்கியது. 1928இல் அது டம்டம்முக்கு இடம் மாறியது. ஆகவே அந்தக் கம்பெனியின் இந்தியத் தட்டில் ஹனோவர் என்று அச்சாகி, ஒரு பக்கம் மட்டுமே பாட்டு இருந்தால் அது அநேகமாக முதல் தலைமுறைத் தட்டு.

லேபிளைவிட நம்பகமான சாட்சி, கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வழவழப்பான வளையம். அங்கே பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணைச் சாய்ந்த வெளிச்சத்தில் படிக்கலாம். 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வந்த பிறகு, கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. தட்டுகளில் அந்த எண்ணோடு ஒரு சிறு முக்கோணம் சேர்ந்தது. 1930களில் அதன் இடத்தில் சதுரம் வந்தது. இரண்டும் இல்லாத மிகப் பழைய தட்டு, பாடகர் குழலுக்குள் வாயை வைத்துப் பாடிய காலத்தது. 1931இல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இ.எம்.ஐ.யாக இணைந்தபின், போட்டி லேபிள்களாகத் தெரிந்தவை ஒரே நிறுவனத்தின் பிள்ளைகளாயின.

பதிவான ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் குரல் பதிவானது அதற்கு முன்தான். ஆனால் விற்பனை இருந்தவரை அந்தத் தட்டுகள் மீண்டும் மீண்டும் அச்சாயின. மதிப்பீட்டில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

புகழ் விலையைக் கூட்டும் என்பதும் பாதி உண்மையே. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'வெங்கடேச சுப்ரபாதம்' எல்.பி. 1963இல் வந்தது, வீடுதோறும் ஒலித்தது. எனவே சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை. இதற்கு நேர்மாறு பீட்டில்ஸ் குழுவின் 78 சுழற்சித் தட்டுகள். பிரிட்டனில் 78 நின்றுபோன பிறகும் மின்சாரமில்லாத ஊர்களின் சாவி கிராமபோன்களுக்காக இந்தியாவில் அரக்குத் தட்டு அச்சாகிக்கொண்டிருந்தது. அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளும் டம்டம்மில் அரக்கில் வந்தன. இன்று உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

மும்பையிலேயே பிறந்த தட்டுகளும் உண்டு. அம்பர்நாத்திலிருந்து குர்லா போய் ஹார்பர் ரயில் மாறினால் வருகிற வடாலாவில், நேஷனல் கிராமபோன் ரெக்கார்ட் கம்பெனி 1935 முதல் 1955 வரை 'யங் இந்தியா' லேபிளில் தட்டுகள் வெளியிட்டது. நட்சத்திரப் பாடகர்கள் பெரிய கம்பெனிகளோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்ததால் இது புதிய குரல்களைத் தேடிப் பிடித்தது. பெயர் பெறாத அந்தக் குரல்களுக்குப் பல சமயம் இந்தத் தட்டைத் தவிர வேறு சான்றில்லை. சந்தை விலை என்னவாக இருந்தாலும் ஆய்வாளருக்கு இவை எச்.எம்.வி.யின் புகழ்பெற்ற தட்டுகளைவிட அரியவை என்பதே என் துணிபு.

நிலையைப் பார்ப்பதும் கைப்பழக்கம். பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் எஃகு முள் தேய்த்தது. விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் விலை சரியும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு அதில் கரையும். கொங்கண மழைக்காலம் காகித உறைகளைப் பூசணமாக்கும். உறையை மாற்றினாலும், கடை முத்திரை இருக்கிற பழைய உறையைத் தனியே உலர்த்தி வைக்க வேண்டும், அந்தத் தட்டு எந்த ஊரில் விற்றது என்பதற்கு அதுவே சான்று.

1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இத்தகைய விவரங்களைத் தொகுத்துவந்திருக்கிறது. தட்டைக் கொடுத்துவிட முடிவுசெய்த குடும்பமும் தட்டின் இரு பக்க லேபிள்களையும் படமெடுத்து, மேட்ரிக்ஸ் எண்ணையும் தட்டு வீட்டுக்கு வந்த வழியையும் எழுதிவைக்கலாம். பட்டியலில் விடுபட்ட ஒரு தமிழ்ப் பதிவை நிரப்ப அந்தக் குறிப்பே உதவக்கூடும்.