ஒரு கவிஞர் வேண்டிய பிரிவினை

1801இல் நெப்போலியன் போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி பிரான்சின் ஆயர்களை அரசே பெயர் குறித்தது. குருமாருக்கு ஊதியமும் அளித்தது. ஈடாகப் பணிவை எதிர்பார்த்தது.

1850இல் கல்வியில் திருச்சபையின் பிடியை இறுக்கும் சட்டம் பேரவைக்கு வந்தபோது, எதிர்த்து எழுந்தவர்களுள் ஒருவர் கவிஞர் விக்டர் ஹியூகோ. அவர் இறைநம்பிக்கை உடையவர். சமயக் கல்வியின் இன்றியமையாமையை அவ்வுரையிலேயே வலியுறுத்தியவர். ஆயினும், திருச்சபை தன் இல்லத்திலும் அரசு தன் இல்லத்திலும் இருத்தல் வேண்டும் என்றார். சட்டம் நிறைவேறிற்று. மறு ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்தமையால், 1870 வரை அவர் அயல்மண்ணில் வாழ நேர்ந்தது.

அவர் மறைந்து இருபதாண்டுகள் சென்றபின், 1905 டிசம்பர் 9ஆம் நாள் பிரிவினைச் சட்டம் பிறந்தது. முதல் விதி மனச்சான்றின் உரிமையை உறுதி செய்தது. இரண்டாம் விதி எச்சமயத்திற்கும் அரசு ஊதியமோ மானியமோ இல்லை என்றது. 1906இல் போப்பாண்டவர் பத்தாம் பயஸ் அதனைக் கண்டித்தார். தேவாலய உடைமைகளைக் கணக்கெடுக்கச் சென்ற இடங்களில் கலகம் மூண்டு உயிரும் பலியாயிற்று. எதிர்ப்பு கடுமையான இடங்களில் அரசு அப்பணியைக் கைவிட்டது.

திருச்சபை அரசூதியத்தை இழந்தது. ஆனால், நூறாண்டுக்கு மேலாக அரசன் கையிலும் அமைச்சர் கையிலும் இருந்த ஆயர் நியமனம் அதனிடம் மீண்டது. இப்பிரிவினையால் விடுதலை பெற்றவர் இருவர் என்பது இதனால் விளங்கும். புரவலர் தரும் பொருள் பாட்டின் குரலை மாற்றவல்லது என்பதறிந்த கவிஞருலகிற்கு இவ்வுண்மை புதிதன்று.