ஸ்டேக் ஓவர்ஃப்ளோ: ஓர் உத்தரவு பிளவானது எப்படி?

ஸ்கூடாயில் கணினி படிப்பவரோ, ஜொகூர் பாருவில் மென்பொருள் எழுதுபவரோ, நிரல் ஓடலைன்னா தேடிப்போகும் இடம் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ. 2023-இல் அதன் நிர்வாகமும் நெறியாளர்களும் மோதிக்கொண்டனர். ஏன்?

யாருடைய தளம்?
2008-இல் தொடங்கியது. 2021-இல் புரோசஸ் நிறுவனம் 180 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஆனால் பதில் எழுதுவோரும், தரத்தைக் காக்கும் நெறியாளர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

என்னதான் பிரச்சினை?
2022 டிசம்பரில் சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை வந்தது. பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும், பல பதில்கள் தப்பு! ஆனால் 2023 மே இறுதியில், ஏஐ எழுதியது என்ற சந்தேகத்தில் பதிவுகளை நீக்குவதை ஏறக்குறைய நிறுத்தச் சொன்னது நிர்வாகம்.

நிர்வாகத்தின் வாதம்: கண்டறியும் கருவிகளை நம்ப முடியாது; நேர்மையான பயனர்களும் தண்டிக்கப்படுகிறார்கள்.
நெறியாளர்களின் வாதம்: எங்களைக் கேட்கவில்லை. எங்களிடம் சொன்னது ஒன்று, வெளியே அறிவித்தது வேறு.

பிறகு?
ஜூன் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. பேச்சுவார்த்தைக்குப் பின், எந்த அறிகுறிகள் இருந்தால் நீக்கலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. ஆகஸ்ட் தொடக்கத்தில் போராட்டம் முடிந்தது.

இதற்கு முன்பே, 2019-இல் ஒரு நெறியாளர் நீக்கப்பட்ட சர்ச்சையில் சிலர் விலகிப்போய் கோடிடாக்ட் என்ற மாற்றுத் தளத்தைத் தொடங்கியிருந்தனர்.

நமக்கு என்ன?
நிறுவனத்தை விலைக்கு வாங்கலாம். சும்மா வந்து உழைப்பவர்களை வாங்க முடியாது. உத்தரவுக்கு முன்னாலேயே அவர்களைக் கேட்டிருந்தால், இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கலாம்.